கற்பூரம் காட்டிய வாய்க்கால்

கரிக்குழியின் மேற்குக் கரையில் போட்டிருந்த ஓலைப் பந்தலில் அன்றைக்குக் கூடியவர்களும் அவரவர் இருந்த இடமும்: நடுவில், கைவைத்த நாற்காலியில், தாசில்தார் மேனோன். அவருக்கு வலப்பக்கம், ஒரு கை ஒடிந்துபோன நாற்காலியில், கல்பாத்தியிலிருந்து வந்த எஞ்சினியர் வெங்கிடேஸ்வரன். இடப்பக்கம், ஜமுக்காளம் விரித்த பெஞ்சியில், மாதர் சங்கத்துத் திரிபுரசுந்தரி அம்மாள். அவளுக்கு அடுத்த பெஞ்சியில், அவள் நடுவதற்காகக் கொண்டுவந்த புங்கங்கன்றுகள்; கன்றுகளுக்கும் நிழல் கிடைத்தது. பந்தல்காலைப் பிடித்தபடி காண்ட்ராக்டர் வீரபாண்டி. யாராவது உட்காரச் சொன்னால் உடனே உட்கார்ந்துவிடலாம் என்று முழங்காலைத் தளர்த்தியே வைத்திருந்தான், யாரும் சொல்லவில்லை. மனுக்காரர் குப்பண்ணனுக்குப் பந்தலுக்கு வெளியே, வெய்யிலில், கவிழ்த்துப் போட்ட ஒரு மண்கூடை.

தை மாதத்துக் கிழக்கத்திக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஆகவே ஆய்வுக் கமிட்டியாரான முதல் மூவரும் நாற்காலிகளைத் திருப்பிப் போடச் சொல்லி, காற்றுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தார்கள். காற்று வந்த திசையில்தான் குழி. பார்க்க வந்தது குழியை. அதற்குக் காட்டியது முதுகை. குப்பண்ணன் மூக்கால் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு அவருக்குக் கைவந்தது. எதிரில் இருக்கிறவனுக்குத் தும்மல் என்று தோன்றும். பக்கத்தில் இருக்கிறவனுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கோயமுத்தூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து, குப்பண்ணனுடைய அப்பாவிடம் பூமியைக் குத்தகைக்கு வாங்கித் தோண்டினார். கறுப்பாக ஏதோ கிடைக்கத்தான் செய்தது. மில் பாய்லரில் போட்டால் தீ வரவில்லை, புகைதான் வந்தது. புகையும் ஊரைத் துரத்துகிற நாற்றம். சண்டை முடிந்ததும் கம்பெனி போய்விட்டது. குழி போகவில்லை. மழைக்கு மழை அது நிரம்பிக் கறுப்புத் தண்ணீர் வழிந்து, தெற்குத் தாழ்வில் இருந்த குப்பண்ணனுடைய புன்செய்க் காட்டில் பரவும். கடலைச் செடி கருகும். வீட்டுச் சுவர் இடுப்புயரம் ஊறி நிற்கும்.

குப்பண்ணன் கொழிஞ்சாம்பாறையில் எட்டாவது வரை படித்தவர். படித்ததில் அவரிடம் நின்றது ஒன்றே: கடிதம் எழுதும் முறை. ஊர், தேதி, விஷயம், பத்திக்குப் பத்தி எண், கடைசியில் விண்ணப்பம். கொச்சி சர்க்காருக்கு எழுதினார். கொச்சி திருவிதாங்கூரோடு சேர்ந்தது, திருவனந்தபுரத்துக்கு எழுதினார். கேரளம் பிறந்து பாலக்காடு ஒரு ஜில்லா ஆயிற்று, பாலக்காட்டுக்கு எழுதினார். சர்க்கார்கள் மாறின, ‘விஷயம்’ என்ற வரி மட்டும் மாறவில்லை. கடைசியில் ஒருவழியாக உத்தரவு வந்தது. குழியோரத்தைத் தூர்த்து நிலமாக்க வேண்டும். மிச்சக் குழியில் சேரும் தண்ணீரை மேற்கே இருக்கிற பள்ளத்தில், அதாவது ஓடையில், கொண்டுபோய் விட ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும்.

அந்த வேலையை எடுத்தவன்தான் வீரபாண்டி. கம்பம்மெட்டுக்காரன். ஏலத்தோட்டத்துச் சரிவுகளில் வடிகால் வெட்டி வெட்டியே பேர் வாங்கியவன்.

“எசமான், நாங்க வெட்டுன கான்ல தண்ணி நிக்காது, ஓடிக்கிட்டே கெடக்கும்,” என்று அன்றும் பந்தல்காலைத் தட்டிச் சொன்னான். “மெசினெல்லாம் எதுக்கு? ஒத்தக் கண்ண மூடி ஒரு பார்வ பாத்தேன்னா வாட்டம் தெரிஞ்சு போகும். மெட்டுப் பக்கம் வந்து யாரையும் கேட்டுப் பாருங்க.”

கேட்க வேண்டியதே இல்லை. மலையில் எங்கே வெட்டினாலும் தண்ணீர் கீழேதான் போகும். அங்கே வாட்டம் பார்க்கத் தெரிந்தவன், தெரியாதவன் என்று இரண்டு ஜாதி கிடையாது. ஆனால் இது பாலக்காட்டுக் கிழக்கு. தோசைக்கல் மாதிரி தட்டையான பூமி. போதாக்குறைக்கு எதிரே மலை எழுந்து நிற்பதால், அதைப் பார்த்தபடி நிற்கிறவனுக்குக் காலடித் தரை மலையை நோக்கிச் சரிவதுபோலத் தெரியும். வீரபாண்டி ஒற்றைக் கண்ணை மூடினான், கையை நீட்டினான், ஆட்கள் வெட்டினார்கள். வெட்டி முடித்தபோது பள்ளத்துப் பக்கம் வாய்க்காலின் தரை உயர்ந்தும் குழிப் பக்கம் தாழ்ந்தும் இருந்தது. எஞ்சினியருடைய லெவல் கருவி வேறொரு பாலத்து வேலைக்குப் போயிருந்தது. ஆனாலும் ‘லெவல் பார்க்கப்பட்டது’ என்று எஞ்சினியர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஐப்பசி மழையில் விஷயம் வெளிச்சமாயிற்று. பள்ளத்தில் வந்த வெள்ளம் வாய்க்கால் வழியாக ஏறிக் குழிக்கு வந்து, குழி வழிந்து குப்பண்ணனுடைய காட்டுக்கு வந்தது. முன்னெல்லாம் குழித் தண்ணீர் மட்டும்தான். இப்போது சர்க்கார் செலவில் ஓடைத் தண்ணீரும். இது ஐப்பசியின் சில்லறை மழை. இடவப்பாதி என்கிற பெருமழை ஆனியில் கொட்டும்போது வீட்டுச் சுவர் நிற்காது. கமிட்டி இன்றைக்கு ‘வேலை திருப்தி’ என்று எழுதிவிட்டால் விவகாரம் முடிந்தது. அப்புறம் யாரும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

அதனால்தான் குப்பண்ணன் கடைசிக் கடிதத்தில் நான்காம் பத்தியாக இப்படி எழுதியிருந்தார்: ‘ஆய்வு நாளன்று வாய்க்காலில் தண்ணீர் விட்டுக் காட்டப்படும். கமிட்டியார் கண்ணால் கண்டுகொள்ளவும்.’ குழித் தண்ணீர் தை மாதத்தில் வாய்க்கால் வாய்க்கு வெகு கீழே கிடக்கும். ஆகவே பள்ளத்தோரம் தம் மைத்துனன் நாச்சிமுத்துவின் கிணற்றில் மாடு பூட்டிக் கவலைச் சாலில் இறைத்து, அந்தக் கோடியில் தண்ணீரை விட ஏற்பாடு செய்திருந்தார். பள்ளத்தில் விட்ட தண்ணீர் குழிக்கு வந்து விழுவதை மூன்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

காலையில் மனைவி மருதாத்தாள் சொன்னாள்தான்.

“ஏனுங்க, தண்ணி திரும்பி வருதுன்னு வாயத் தொறந்து சொல்லீருங்க.”

“அதையும் நான் சொல்லோணுமா? பள்ளத்துல ஊத்தினது குழிக்கு வந்துச்சுன்னா, அதுக்கு மேல அவுங்களுக்கு என்ன புள்ள வெளக்கறது? கொழந்தைங்களா?”

“கொழந்தைன்னா கண்டுபுடிச்சுக்கும். இவுங்களுக்குச் சொல்லீருங்க.”

“பேசாம இரு. பாரு, அந்த எஞ்சினியர் மூஞ்சி போற போக்க.”

அந்த மூஞ்சியைப் பார்க்கிற ஆசையை அவர் மூன்று மாதமாக வளர்த்து வைத்திருந்தார். இப்போது கூடையில் உட்கார்ந்து அதற்காகவே காத்திருந்தார்.

முதலில் தூர்த்த நிலத்தைப் பார்வையிட்டார்கள். பார்வையிடுவது என்றால், மேனோன் பந்தலை விட்டு இறங்கிப் பத்தடி நடந்து, கைத்தடியால் மண்ணைக் குத்தி, “நல்ல ஒறப்பு, கெட்டி மண்ணு!” என்றார். குத்தின இடத்தில் மேல்மண் விலகிக் கரித்தூள் தெரிந்தது. நல்ல மண்ணை அடியில் போட்டுக் கரியை மேலே பரப்பி, அதன் மேல் கண்துடைப்புக்கு ஒரு கைப்பிடிச் செம்மண் தூவியிருந்தான் வீரபாண்டி. மேனோன் கைத்தடியைத் துடைத்துக்கொண்டார்.

“இங்கேயெல்லாம் ஒரு சோலை வந்துடும், பாருங்கோ,” என்றாள் திரிபுரசுந்தரி அம்மாள்.

“வரும்மா. புகைய மாட்டேன்னு கன்று உறுதி சொல்லுச்சுன்னா வரும்,” என்றார் குப்பண்ணன். அவள் அதைக் கிராமத்தாருடைய ஆசி என்று நினைத்துக் கும்பிட்டாள்.

எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். காப்பி வந்தது. குப்பண்ணன் எழுந்து துண்டை எடுத்துத் தலைக்கு மேல் ஆட்டினார். தூரத்தில் நாச்சிமுத்து மாடுகளை அதட்டுவது கேட்டது. கவலை உருளை கிறீச்சிட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வாய்க்காலின் பள்ளத்துக் கோடியில் ஏதோ மினுங்கியது. சருகையும் மாட்டுச் சாணித் துணுக்கையும் முன்னால் தள்ளிக்கொண்டு, புழுதியை நக்கி நக்கி, தண்ணீர் பந்தலை நோக்கி வந்தது. நிற்கவில்லை, தேங்கவில்லை. அந்த மட்டில் வீரபாண்டி சொன்னது பொய்யில்லை. அவன் வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. ஓடி வந்து பந்தலைத் தாண்டி, கமிட்டியாரின் முதுகுக்குப் பின்னால், சளசளவென்று குழிக்குள் விழுந்தது.

மேனோன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “வந்நு! வந்நு! கொள்ளாம் வீரபாண்டி, அசலாயிட்டு ஓடறது!”

“ஆஹா, சத்தமே சங்கீதமா இருக்கு,” என்றாள் திரிபுரசுந்தரி அம்மாள்.

குப்பண்ணன் எஞ்சினியரைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றிருந்தது. வெங்கிடேஸ்வரன் மெல்லத் திரும்பிக் குழியைப் பார்த்தார். மறுபடி முன்னால் திரும்பிப் பள்ளத்துப் பக்கம் பார்த்தார். காது மடல் சிவந்தது. அவ்வளவுதான். பேனா மறுபடி ஓடத் தொடங்கிற்று.

மூஞ்சி போகவில்லை. குப்பண்ணன் காத்திருந்தார். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், “இது அந்தப் பக்கம் அல்லவா போக வேண்டும்?” என்று கேட்பார் என்று காத்திருந்தார். மேனோன் காப்பிக்குச் சர்க்கரை கேட்டார்.

“என்ன குப்பண்ணா, இனி பராதி, புகாரு ஒண்ணும் இல்லல்லோ?”

மூடர்கள் என்று அவருக்குத் தெரியும். இவ்வளவு பெரிய மூடர்கள் என்று தெரியாது. ‘தண்ணி திரும்பி ஓடுதுங்க’ என்று மூன்று வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் அந்த மூன்று வார்த்தை, அவற்றுக்குத் தகுதியில்லாத ஆட்களுக்கு முன்னால், அவர் வாயிலிருந்து வர மறுத்தது. அதற்குப் பதில் வேறொன்று தோன்றியது. தோன்றின மாத்திரத்தில் அது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கன்று நடும் பூஜைக்காகப் பெஞ்சியில் தட்டு இருந்தது; தேங்காய், பூ, கற்பூரம். குப்பண்ணன் போய் அதை எடுத்தார். துண்டை இடுப்பில் கட்டினார்.

“புதுவாய்க்கால்ல மொதத் தண்ணி வந்தா, பூமிக்காரன் கற்பூரம் காட்டோணுங்க. எங்க பக்கம் அப்படித்தானுங்க.”

அது உண்மை. அந்தப் பக்கத்துக் காடுகளில் யார் பூமிக்காகத் தண்ணீர் வருகிறதோ அவர் காட்டுவார். அவர் காட்டிவிட்டால் அந்த வாய்க்காலை ஊர் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அப்புறம் அதில் குற்றம் சொல்வது கிடையாது.

குப்பண்ணன் குழியின் விளிம்பில் போய் நின்றார். தண்ணீர் விழுகிற இடத்துக்கு நேராக, மூன்று சுற்று, ஆடாமல் அசையாமல் கற்பூரம் காட்டினார்; கோயில் பூசாரிகூட அவ்வளவு சிரத்தையாகக் காட்ட மாட்டான். தேங்காயை உடைத்தார். ஒரு மூடியை, வெகு மரியாதையாக, கறுப்புத் தண்ணீருக்குள்ளேயே போட்டார். ‘இப்போதாவது கேட்கட்டும்,’ என்று நினைத்தார். ‘ஓடைக்குப் போக வேண்டிய தண்ணீருக்கு ஏனய்யா குழியில் ஆராதனை என்று ஒரு நாயாவது கேட்கட்டும்.’

திரும்பிப் பார்த்தார். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்கள். மேனோன் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரிபுரசுந்தரி அம்மாள் கண்ணைத் துடைத்தாள். வீரபாண்டி ஓடிவந்து குப்பண்ணனுடைய காலில் விழுந்தான்.

“அண்ணே! எத்தன மனுப் போட்ட மனுசன் நீங்க. உங்க கையால கற்பூரம் காட்டிட்டீகளே! இனி எவன் என்னயக் கொற சொல்லுவான்? சொல்லுங்கண்ணே!”

“எழுதிக்கோளும்,” என்றார் மேனோன் எஞ்சினியரிடம். “மனுக்காரன் தானே பூஜ செய்து. பூர்ண திருப்தி.”

அப்போதுதான் குப்பண்ணனுக்கு உறைத்தது; தட்டும் கையுமாக மேனோனின் வழியை மறித்தார்.

“ஐயா, இருங்க! தண்ணி திரும்பியல்லொங்க ஓடுது! குழியில இருந்து பள்ளத்துக்குப் போகோணும். இது பள்ளத்துல இருந்து குழிக்கு வருதுங்க!”

மேனோன் அவரைப் பார்த்தார். கரைந்துகொண்டிருந்த கற்பூரத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “தமாஷ்காரன்! கேட்டேளா வெங்கிடேஸ்வரன்? பூஜையும் செய்து பராதியும் சொல்றான்!”

“சத்தியமாங்க! வந்து பாருங்க!”

“பார்த்தாச்சு, பார்த்தாச்சு.” ஜீப்பு உறுமியது. புங்கங்கன்றுகளைக் கரித்தூளில் சொருகிவிட்டுத் திரிபுரசுந்தரி அம்மாள் ஏறிக்கொண்டாள்.

குப்பண்ணன் ஜீப்பின் பின்பக்கம் ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, எஞ்சினியரிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். “சாமி, நீங்க பாத்தீங்க. எந்தப் பக்கம் ஓடுதுன்னு நீங்க பாத்தீங்க.”

வெங்கிடேஸ்வரன் முன்சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தார். “பார்த்தேன் காணும், எனக்கென்ன கண்ணில்லையா? நீர் வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் ஆமாம்னு சொல்லித் தப்பிச்சிருப்பேன். நீர் கற்பூரத்தைக் காட்டி எல்லார் வாயையும் அடைச்சுட்டீர். இனி நான் சொன்னா, லெவல் பார்த்தேன்னு எழுதினவன் யாருன்னு கேப்பா. கம்பியை விடும்.”

விட்டார். புழுதி அவர் மேல் படிந்தது.

வீரபாண்டி மண்வெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தான். குப்பண்ணன் அவனிடம் போய்த் தண்ணீரைக் காட்டினார். அவன் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

“ஓடணும்னுதானண்ணே சொன்னாக. எங்கிட்டு ஓடணும்னு யாரு சொன்னாக?”

இதற்கு எந்தப் பத்தி எண்ணில் பதில் எழுதுவது என்று குப்பண்ணனுக்குத் தெரியவில்லை.

வீட்டில் மருதாத்தாள் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தம்பி நாச்சிமுத்து வந்து எல்லாம் சொல்லிவிட்டிருந்தான்.

“ஊடு எந்நேரம் உழுகும்னு தேதியும் எழுதிக் குடுத்துட்டு வந்தீங்களா?”

“அவுங்க மூளைக்கு நான் என்ன புள்ள பண்ணட்டும்?”

“அவுங்க மூளையப் பத்தி உங்களுக்கு முன்னாலயே தெரியுமல்லொ? தெரிஞ்சும் தட்டத் தூக்கீட்டுப் போனது யாரு? நீங்க கற்பூரம் காட்டினா ஊரே காட்டின மாதிரி. உங்க நக்கலுக்கு என்ற ஊட்டுச் சொவருதான் கெடச்சுதா?”

அவர் பேனாவை எடுத்தார். பேச்சில் தோற்றால் காகிதத்தில் ஜெயிப்பது அவர் வழக்கம். வெளிச்சம் இருக்கும்போதே கலெக்டருக்கு நாலு பக்கம் எழுதிவிட்டார். மேனோன் கண்ணால் பார்ப்பதில்லை, கைத்தடியால் பார்க்கிறார் என்று எழுதினார். திரிபுரசுந்தரி அம்மாளுடைய சோலையில் கனிகளுக்குப் பதில் கரி பறிக்கலாம் என்று எழுதினார். எஞ்சினியர் பார்த்தும் பார்க்காதவர் என்பதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். எழுதி முடித்து மருதாத்தாளுக்கு வாசித்தார். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். குப்பண்ணனுக்கு மார்பு நிமிர்ந்தது.

“நல்லாத்தான் இருக்குது,” என்றாள் சிரிப்பு அடங்கியதும். “இதப் படிச்சுப்போட்டு எவன் நமக்கு வாய்க்கா வெட்டித் தருவான்?”

அவர் காகிதங்களை அடுக்கி மடித்தார்.

“கலெக்டரு இத மேனோனுக்குத்தானுங்க அனுப்புவாரு. மேனோன் என்ன சொல்லுவாரு? கற்பூரம் காட்டினவன் கிறுக்கன்னு சொல்லுவாரு. பாத்தவரு ஒருத்தருதான். அவருக்கு எழுதுங்க.”

“அவனுக்கா? தெரியாம இருந்தவனக்கூட மன்னிக்கலாம். தெரிஞ்சுகிட்டே பேனாவ ஓட்டினான் புள்ள அவன்.”

“அதனாலதான் சொல்றேன். தெரிஞ்சவருக்குத்தானுங்க மறுக்காச் சொல்ல வேண்டியதில்ல.”

நாலு பக்கத்தையும் அவள் அடுப்பங்கரைக்கு எடுத்துப்போய்விட்டாள். புதுக் காகிதத்தில் ஊரும் தேதியும் எழுதுவது சுலபமாக இருந்தது. ‘மகா-ராஜ-ராஜ-ஸ்ரீ எஞ்சினியர் வெங்கிடேஸ்வரன் அவர்கள் சமுகத்துக்கு’ என்று எழுதும்போது ஒவ்வொரு ராஜவும் பல்லில் கல்லாக அரைபட்டது. ‘கற்பூரம் காட்டியது தண்ணீருக்கு, வாய்க்காலுக்கு அல்ல’ என்று ஒரு வரி நன்றாக அமைந்தது. மருதாத்தாள் எட்டிப் பார்த்து, “இன்னும் அடங்கலயா?” என்றாள். அந்த வரியை அடித்தார். கடைசியில் நின்றது இவ்வளவு:

‘விஷயம்: கரிக்குழி வாய்க்கால்.

1. வாய்க்காலில் தண்ணீர் பள்ளத்திலிருந்து குழிக்கு ஓடுகிறது. தாங்கள் பார்த்தீர்கள்.

2. நான் கற்பூரம் காட்டியது கேலிக்காக. அதை மனுக்காரன் திருப்தி என்று எழுதியதை ரத்து செய்யக் கேட்கிறேன்.

3. இடவப்பாதிக்கு முன்னால் லெவல் கருவியோடு ஒரு தரம் வரவும். வாட்டம் தப்பு என்பதைத் தாங்களே கண்டுபிடித்ததாக எழுதிக்கொள்ளலாம். முன்னே பார்த்த லெவல், மழையில் மண் அரித்து மாறிவிட்டது என்றும் எழுதலாம். நான் மறுத்து எங்கும் எழுத மாட்டேன்.

4. வராவிட்டால் வீடு விழும்.’

மூன்றாம் பத்தியை எழுதி முடிப்பதற்குள் பேனாவை இரண்டு தரம் கீழே வைத்து எடுத்தார். ஒரு பொய்யனுக்குத் தம் கையாலேயே ஒரு பொய்யை, நல்ல கையெழுத்தில், முற்றுப்புள்ளியோடு செய்து கொடுத்திருந்தார். பொய் கச்சிதமாக இருந்தது என்பதுதான் இன்னும் அசிங்கம்.

மறுநாள் வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை. தரகர்களும் மாடுகளும் ரோட்டை அடைத்திருந்தார்கள். குப்பண்ணன் மாடுகளுக்கு வழிவிட்டு, தரகர்களுக்கு விடாமல், தபால் ஆபீசுக்குள் நுழைந்தார். உறையின் மேல் ஆபீஸ் விலாசம் இல்லை. கல்பாத்தி, வீட்டு விலாசம்; வேறு யாரும் பிரித்துப் படிக்க வேண்டாம்.

“யாருக்கு, கலெக்டருக்கா?” என்றார் தபால்காரர். குப்பண்ணனுடைய கடிதம் என்றால் அந்த ஆபீசில் அப்படித்தான் கேட்பார்கள். “இந்தத் தடவ யாரக் கிழிச்சிருக்கீங்க?”

“யாரையும் இல்லைங்க.”

“அட, ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?”

குப்பண்ணன் மூக்கால்கூடச் சிரிக்கவில்லை. உறையின் நாக்கை நாவால் நனைத்து ஒட்டி, ஓரத்தை நகத்தால் இழுத்து இழுத்து அழுத்தினார். தபால்காரர் முத்திரையை ஓங்கி அடித்து, கடிதத்தைப் பைக்குள் போட்டு, வாயைச் சுருக்கிக் கட்டி அரக்கு வைத்தார். பாலக்காட்டு பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் பையை வாங்கி டிரைவர் காலடியில் எறிந்தான். சந்தை மாடுகள் விலகின, பஸ் மேற்கே போயிற்று.